உறையில் ஒரு கால் மாத்திரை

என் அண்ணன் இஸ்திரி போட்ட பேன்ட்டின் மடிப்பில் ஆப்பிள் நறுக்கலாம். இதை நான் சொல்லவில்லை, எதிர்க்கடையில் மூக்குக்கண்ணாடி விற்பவர் சொல்வது. எங்கள் டிரை கிளீனிங் கடையில் இருபத்திரண்டு வருடமாக நீராவிப் பெட்டியைப் பிடித்து நிற்பவன் அவன். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு தரம் தவிர ஒரு கைக்குட்டையைக்கூடப் பொசுக்கியதில்லை. வாடிக்கையாளர்கள் அவனை "மாஸ்டர்" என்பார்கள். கை பேசுகிற அளவுக்கு வாய் பேசாது. பத்து வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் "ம்" என்பான். மீதி ஒன்பதையும் நான் பேசிவிடுவதால் குடும்பத்துக்கு நஷ்டமில்லை.

நான் அவன் தங்கை. கவுண்டர் என்னுடையது. நாற்பத்து மூன்று வயதாகியும் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறான், அதுவும் வாடிக்கையாளர்கள் முன்னால். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று தெருவில் பேச்சு. அது பொய். கோபம் வருவதே இல்லை. எப்போதும் இங்கேயேதான் இருக்கிறது.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் துணி வந்தாலும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன் நான் பைகளைத் துழாவிவிடுவேன். கிடைப்பது எதுவானாலும், பொத்தானே ஆனாலும், பழுப்புக் காகித உறைக்குள் போய்விடும். உறையின் மேல் பட்டியல் எழுதி, குண்டூசியால் காலரில் குத்திவிடுவேன். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது பட்டியலை உரக்க வாசிக்க வேண்டும். வாடிக்கையாளர் "சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு ஒருவர் மோதிரத்தைக் காணோம் என்று கடை வாசலில் நின்று ஆடித் தீர்த்துவிட்டு, கடைசியில் அதைத் தன் வீட்டுச் சோப்பு டப்பாவில் கண்டுபிடித்தார். அன்றைக்குப் போட்ட சட்டம். ஒருமுறை ஒரு மனைவியின் முன்னால் அவள் கணவனின் கோட்டு உறையை வாசித்தேன்: "சினிமா டிக்கெட் ரெண்டு, உதட்டுச் சாயம் ஒண்ணு." கணவனுக்குக் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய? சட்டம் சட்டம்தான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. யாரும் வாங்க வராத துணிகளைக் கடையின் பின்பக்கக் கம்பியில் மாட்டிவைப்போம். அதற்குக் காத்திருப்போர் வரிசை என்று பெயர். ஒரு வருடம் காத்திருக்கும். அதன்பின் சொந்தக்காரருக்கு ஒரு போன் போடுவோம். அவர் வேண்டாம் என்றால் துணி கடையை விட்டுப் போய்விடும். அந்தக் கம்பியில் மூன்று வருடமாக ஒரு கடுகு நிறக் கம்பளிக் கோட்டு தொங்கியது. அதன் சொந்தக்காரர் கப்பலில் இன்ஜினியர். ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு, "என் கோட்ட யாருக்கும் குடுத்துடாதீங்க" என்பார். நாங்களும் கொடுக்கவில்லை. கதை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது, அதற்கு முன் அண்ணனின் முதுகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலை மாட்டப் போன இடத்தில் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்தான். எலும்பு முறியவில்லை, ஆனால் முதுகு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள், கடுமையான ரகம், பதினைந்து நாளைக்கு. அந்த மாத்திரையில் வலி மட்டுமா போனது? எங்கள் அண்ணனா இது என்று நாங்களே வாயைப் பிளந்தோம். பாட்டு முணுமுணுத்தான். எதிர்க்கடைக்காரரிடம் அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசினான். "விழுந்தாலும் நல்லா விழுந்தே அண்ணா" என்று நான்கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பதினைந்து நாள் முடிந்தது. முதுகும் சரியானது. மாத்திரை மட்டும் முடியவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் இதுதான்: வீட்டுக்கு வீடு துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைத் திடீரென்று அவனே எடுத்துக்கொண்டான். "நடந்தா முதுகுக்கு நல்லது பாப்பா" என்றான். இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தேன். அவன் நடந்த வழியில் நாலு மருந்துக் கடை இருந்ததை நான் எண்ணவில்லை. ஒரே பழைய மருந்துச் சீட்டை நாலு இடத்தில் காட்டியிருக்கிறான். மாஸ்டர் முகத்தைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டு வருடம் இப்படி ஓடியது.

கப்பல்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்றார். குளிரான ஊருக்கு வேலை மாற்றமாம், கோட்டு உடனே வேண்டுமாம். அண்ணன் துணி கொடுக்கப் போயிருந்தான். நான் கோட்டைக் கீழே இறக்கினேன். ரொம்ப நாள் தொங்கிய துணியானால் கொடுப்பதற்கு முன் இன்னொரு தரம் பைகளைத் துழாவ வேண்டும். துழாவினேன். உள்பையில் மூன்று அட்டை மாத்திரை. வெளிப்பையில் இன்னும் இரண்டு. அதன் கீழே சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் உதிரியாகக் கொஞ்சம்.

மூன்று வருடத்துக்கு முன் நான் துழாவாமல் விட்டுவிட்டேனா? என் கையா தவறியது? மூச்சுக் காட்டாமல் உறையை எடுத்து, பட்டியல் எழுதி, குத்தி, வழக்கம்போல உரக்க வாசித்தேன். "மாத்திரை அஞ்சு அட்டை. டப்பா ஒண்ணு, அதுல மாத்திரை பதினாலு. சரிங்களா?"

"சரியில்லீங்களே" என்றார் கப்பல்காரர். "என்னோடது இல்ல."

"உங்க கோட்டுலதான சார் இருந்துச்சு. மூணு வருஷம் ஆச்சு, மறந்திருப்பீங்க."

அவர் ஒரு அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைக் காட்டினார். போன மாதம் செய்த மாத்திரை. "போன மாசம் நான் நடுக்கடல்ல இருந்தேங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். கவுண்டரில் பரப்பியிருந்ததைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கப்பல்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கோட்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, ரசீதில் "கோட்டு பெற்றேன், உறை என்னுடையதல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார். நல்ல மனிதர். உலகத்தில் ஒளித்துவைக்க எத்தனையோ இடம் இருக்க, பைகளைத் துழாவுவதே பிழைப்பாக உள்ள கடையில், ஒரு கோட்டுப் பையில் கொண்டுபோய் ஒளித்தவன் என் அண்ணன் ஒருவனாகத்தான் இருப்பான். வராத மனிதர் வரமாட்டார் என்று நினைத்துவிட்டான்.

"அண்ணா, இது யாரோடது?"

"ம்" என்றான்.

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. தெருவே கேட்டது. போதை என்றால் தெருமுனையில் விழுந்து கிடக்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, மணி அடித்தாற்போல் வேலைக்கு வருகிறவனுக்கு அதில் என்ன வேலை? அத்தனை மாத்திரையையும் பிரித்துக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டேன். "இனிமே ஒண்ணு தொட்டே, அப்புறம் நான் உன் தங்கச்சியே இல்ல" என்றேன். அண்ணன் போய்ப் பெட்டியைப் பிடித்தான். பிரச்சனையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே திருப்தி.

இரண்டாம் நாள் அவனுக்குக் கொட்டாவி ஆரம்பித்தது. ஒன்று இரண்டல்ல, வரிசையாக. மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர். வேர்த்துக் கொட்டியது, அதே நேரம் கையில் மயிர் கூச்செறிந்து நின்றது. நடிக்கிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மூன்றாம் நாள் மதியம் பின்பக்கத்திலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. ஓடிப் பார்த்தால், சாம்பல் நிறப் பேன்ட் ஒன்றின் முழங்காலில் பெட்டியின் முழு உருவமும் பழுப்பாகப் பதிந்திருந்தது. அண்ணன் இரண்டு கையையும் மேசை விளிம்பில் ஊன்றி நின்றான். கை நடுங்கியது.

"எனக்கு இந்தக் கை போச்சு பாப்பா. இனி பெட்டிய நீயே வெச்சுக்க" என்றான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடையை மூடிவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

அண்ணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் வளைவு திருப்புகிறவருக்கு எதுவும் பதற்றமில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக வந்து எங்கள் இருவரையும் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். காத்திருக்கும் அறையில் மீனே இல்லாத மீன்தொட்டி ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அண்ணி சொன்னார்: "இவரு எதையோ மறைக்கிறாருன்னு எனக்கு ஆறு மாசமா தெரியும். பொம்பளை விவகாரமோன்னு ஒரு நாள் பின்னாலயே போனேன். மருந்துக் கடைக்குப் போனாரு. அப்பாடான்னு வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கிட்டேன்."

அண்ணன் அவ்வளவு வேதனையிலும் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அண்ணிக்கு மட்டும் கண் கலங்கியது.

டாக்டரம்மா சின்ன உருவம். வெள்ளைக் கோட்டின் காலரில் மஞ்சள் கறை. எங்களிடம் கொடுத்தால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று என் புத்தி அந்த நேரத்திலும் போனது. அண்ணனைப் பரிசோதித்துவிட்டு, "மாத்திரைய யாரு நிறுத்தினது?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர். மொத்தத்தையும் கொட்டிட்டேன்" என்றேன், பாராட்டுவார் என்று.

"யாரக் கேட்டு கொட்டினீங்க?"

நான் பெட்டிப்பாம்பாக அடங்கினேன். என்னை அப்படி அடக்கியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"ரெண்டு வருஷம் தினமும் சாப்பிட்டிருக்கீங்க, உடம்பு அதை வெச்சே நடக்கப் பழகிடுச்சு" என்றார் அண்ணனிடம். "திடீர்னு புடுங்கினா இப்படித்தான் ஆடும். இது நடிப்பு இல்ல, மனசு உறுதி இல்லாததும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். அது உடம்போட விஷயம். ஆனா வலி போன பிறகும் தேடிப் போனீங்க, பொய் சொன்னீங்க, ஒளிச்சு வெச்சீங்க. அது இன்னொரு விஷயம். அதுவும் நோய்தான். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. ஒண்ண மட்டும் பார்த்துட்டு இன்னொண்ண விட்டா திரும்ப இங்கதான் வந்து நிப்பீங்க."

"கை?" என்றான் அண்ணன். அவனுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"கைக்கு ஒண்ணும் ஆகல. திரும்பி வரும். ஆனா மாத்திரை உங்ககிட்ட இருக்கக் கூடாது. யாராவது வெச்சிருந்து நாள் கணக்குல குடுக்கணும். கத்தாத ஆளா இருந்தா நல்லது."

அண்ணி என்னைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். அண்ணன்தான் சொன்னான்: "தங்கச்சி வெச்சிருக்கட்டும். எங்க கடை முறைப்படி."

அப்படித்தான் என் அண்ணன் எங்கள் கடைக்கு வாடிக்கையாளனான். ஐந்து மாதத்துக்கு டாக்டரம்மா ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில், ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்கு முன், அவன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான். நான் அன்றைய உறையை எடுத்து உரக்க வாசிப்பேன். "மாத்திரை ரெண்டு. சரியா?" "சரி." கையெழுத்து. பத்து நாள் கழித்து, "மாத்திரை ஒண்ணேமுக்கால். சரியா?" "சரி." கையெழுத்து. ஒரு நாள் ஷட்டருக்கு அடியில் குனிந்து எட்டிப்பார்த்த ஒரு மாமி, "காலையில வர்றவங்களுக்கு நீங்க என்னமோ குடுக்கிறீங்களாமே, எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்றாள். அவளுக்கு ஒரு ஹேங்கரைக் கொடுத்து அனுப்பினேன்.

வாரம் ஒரு நாள் டாக்டரம்மாவிடம் போய் அண்ணன் பேசிவிட்டு வர வேண்டும். அவனாவது, பேசுவதாவது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் பேசினானாம். என்ன பேசினாய் என்று குடைந்தேன். "ம்" என்றான். கை மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் தலையணை உறை, பிறகு சட்டை. பேன்ட்டைத் தொட இரண்டு மாதம் ஆனது.

மூன்றாம் மாதம் ஒரு மதியம். கடையில் யாருமில்லை. அண்ணன் வெளியிலிருந்து வந்து வாடிக்கையாளர் பக்கமாகக் கவுண்டரில் நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாப்பா, என் பைய பாரு."

எனக்குப் புரியவில்லை. "என்ன?"

"சட்டப்படி பாரு."

சட்டைப்பையில் கையை விட்டேன். ஒரு அட்டை. பத்தில் இரண்டு குழி காலி. எனக்குக் காது சூடாகி, தொண்டை வரைக்கும் எல்லா வார்த்தையும் வந்து நின்றது. மூன்று மாதப் பாடு, தினமும் காலையில் வாசித்தது, அண்ணி பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வந்தது எல்லாம் வீணா? கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது: இவன் கையும் களவுமாகப் பிடிபடவில்லை. தானே கொண்டுவந்து பையைக் காட்டுகிறான். எட்டு மாத்திரையைத் தின்னாமல் நடந்து வந்திருக்கிறான்.

உறையை எடுத்தேன். பேனா வழுக்கியது. எழுதி, உரக்க வாசித்தேன். "மாத்திரை எட்டு. சரியா?"

"சரி" என்றான். கையெழுத்துப் போடும்போது கண்ணீர் உறைமேல் விழுந்து மை ஊறியது. அன்று மாலை இரண்டு பேருமாகப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னோம். அவர் திட்டவில்லை. "இப்படி ஆகும். வந்து சொன்னீங்களே, அதுதான் நல்லது" என்றவர், என்னைப் பார்த்து, "நீங்க கத்தலையா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். என் வாழ்நாளில் வாங்கிய ஒரே மெடல் அந்தப் பார்வைதான்.

அன்றிலிருந்து அண்ணன் தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். கடை மூடும்போது கவுண்டருக்கு வந்து பைகளை வெளியே இழுத்துக் காட்டுவான். நான் வாசிப்பேன். "சாக்பீஸ் துண்டு ஒண்ணு. சீப்பு ஒண்ணு. கடிச்ச பிஸ்கட் பாதி. சரியா?" "சரி." சில நாள் என்னைச் சிரிக்க வைக்கவே எதையாவது போட்டுக்கொண்டு வருவான். ஒரு நாள் உள்ளே ஒரு முழு உருளைக்கிழங்கு.

அட்டவணையின் கடைசி நாள் வந்தது. கால் மாத்திரை. உறையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அண்ணன் கவுண்டரைத் தாண்டி நேராகப் பெட்டிக்குப் போனான்.

"அண்ணா, உன் உறை."

"இன்னிக்கு வாங்கல" என்றான். "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், பரவாயில்லன்னாங்க. வரிசையில மாட்டு."

நான் மாட்டினேன். குண்டூசியால் ஒரு ஹேங்கரில் குத்தி, கடுகு நிறக் கோட்டு தொங்கிய அதே இடத்தில். அவன் அன்று ஒரு கறுப்புப் பேன்ட்டைத் தேய்த்துக் கொடுத்தான். எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு மடிப்பைக் காட்டினேன். அவர் போய் ஆப்பிள் எடுத்துவந்தார். நறுக்க முடியவில்லை, தின்றோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அவனை நம்பவில்லை. தினமும் காலையில் அவன் வருவதற்கு முன் பின்பக்கம் போய் அந்த உறையின் மூலையை விரலால் நெருடிப் பார்ப்பேன். உள்ளே கால் மாத்திரை உருளும். அப்பாடா என்று முன்பக்கம் வருவேன். இப்படி ஒரு வருடம்.

வருடம் நிறைந்த அன்று அண்ணன் தானே ஹேங்கரை எடுத்துவந்து கவுண்டரில் வைத்தான். "நாள் ஆச்சு. சொந்தக்காரருக்குப் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான். சட்டம் சட்டம்தான். போன் போட்டேன். பத்தடி தள்ளி நீராவிக்கு நடுவில் மணி அடித்தது.

"வணக்கம் சார். டிரை கிளீனிங்ல இருந்து பேசுறோம். உங்க உறை ஒண்ணு ஒரு வருஷமா இருக்கு. வாங்கிக்க வர்றீங்களா?"

"அந்த ஆளு இங்க இல்லீங்களே" என்றது அண்ணன் குரல், இரண்டு பக்கமிருந்தும். "எங்க போனாருன்னு தெரியல. வந்தா சொல்றேன். வராம பார்த்துக்கறதுதான் நம்ம வேலைங்க."

சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், அழுகையில் போய் முடிந்தது. அவன் வந்து எதிரே நின்றான். வெளியே போகிற பொருளையும் வாசித்துத்தான் அனுப்ப வேண்டும். உறையைக் கையில் எடுத்தேன். குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை. வலது மூலை மட்டும் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அது என் கட்டைவிரல். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"தெனமும் தொட்டுப் பார்த்தேன் அண்ணா. உன்னை நம்பாம" என்றேன்.

அவன் உறையை என் கையிலிருந்து வாங்கி மறு மூலையைக் காட்டினான். இடது மூலையும் அதே அளவு கறுத்திருந்தது. நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை.

"நானும்தான் பாப்பா" என்றான். "நீ வீட்டுக்குப் போன பிறகு."

பிறகு நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உரக்க வாசித்தேன்.

"மாத்திரை கால். சரியா?"

"சரி" என்றான் அண்ணன். கையெழுத்துப் போட்டான். கோணல் இல்லாமல், அவன் எடுக்கிற மடிப்பு மாதிரி நேராக இருந்தது. அன்று மாலையே அதை டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தோம். அவர் அதை வாங்கிக்கொண்டு, காலரில் மஞ்சள் கறை படிந்த தன் கோட்டைக் கழற்றி எங்களிடம் கொடுத்தார். பையில் பேனா மூடி ஆறு இருந்தது. எழுதிக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பி ஷட்டரை இறக்கப் போனேன். இனி எதற்கு என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன்தான் கவுண்டருக்கு வந்து, இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பாரு பாப்பா. இன்னிக்குப் பார்க்கலையே?"